குற்றம் யாருடையது?

வட ஆபிரிக்காவில், இன்று அல்ஜீரியா என வழங்கும் நாட்டில், தகாஸ்தே என்னும் சிற்றூர் ஒன்று முற்காலத்தில் இருந்தது. இக்காலத்தில் அவ்வூரைச் சூக் அகராஸ் என அழைப்பர். உரோமப் பேரரசின் ஆட்சி அங்கு நிலவிய காலத்தில், ஓர் இரவு அவ்வூர் இளைஞர் சிலர் விளையாட்டை முடித்துக்கொண்டு வீடு திரும்பாமல், அயலிலிருந்த பேரி மரமொன்றை உலுக்கி, அதன் காய்களைச் சுமை சுமையாக அள்ளிச் சென்றனர். அக்காய்கள் கண்ணுக்கு அழகானவையுமல்ல, நாவுக்கு இனியவையுமல்ல. இரண்டொன்றைக் கடித்துப் பார்த்தபின் எஞ்சியவற்றையெல்லாம் பன்றிகளுக்கு எறிந்துவிட்டனர். அக்கூட்டத்தில் ஒருவனுக்கு அப்பொழுது வயது 16. அவனே பிற்காலத்தில் கிறிஸ்தவ உலகம் முழுவதும் புகழ்பெற்ற அகுஸ்தீனார்.

பேரிக்காய்த் திருட்டைப் பெரிய பாதகமென்று எவரும் கொள்ளார். ஊர்தோறும் மாமரத்தில் கல்லெறியும் சிறுவர் செய்வதும் இதுவே. ஆயினும், ஏறத்தாழ 27 ஆண்டுகள் கழிந்தபின், ஹிப்போ நகரின் மேற்றிராணியாராய் உயர்ந்திருந்த காலத்தில், அகுஸ்தீனார் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதப் புகுந்து, அதன் இரண்டாம் பகுதியின் பெரும்பங்கை இச்சிறு திருட்டை ஆராய்வதற்கே செலவிட்டார். 'கன்பெசியோனெஸ்' என்னும் இலத்தீன் பெயர் கொண்ட அந்நூல் 397ஆம் ஆண்டளவில் தொடங்கப்பெற்று 13 பகுதிகளாக அமைந்தது. அதனைப் படித்தோரிற் பலர், இத்துணைச் சிறிய செயலுக்கு இத்துணைப் பெரிய விசாரணை ஏன் என வியந்துள்ளனர். அவ்விசாரணையின் பொருள் விளங்குமாயின், மனித இயல்பைப் பற்றியும் தனிமனிதனின் பொறுப்பைப் பற்றியும் கிறிஸ்தவ சிந்தனை கூறுவதன் அடிப்படையும் விளங்கும்.

அகுஸ்தீனார் தம்மைத் தாமே கேட்ட வினா எளியது: அதனை ஏன் செய்தேன்? பசியா? இல்லை. வறுமையா? அதுவுமில்லை, அக்காய்களிலும் சிறந்தவை அவர் வீட்டிலேயே இருந்தன. பொதுவாக எக்குற்றத்திற்கும் ஒரு நோக்கம் உண்டு. கொலைஞன்கூடப் பொருளையோ பெண்ணையோ பழிவாங்குதலையோ நாடியே கொலை செய்கிறான். உரோமரின் வரலாற்றிற் கொடியவனெனப் பெயர்பெற்ற கத்திலீனாவுக்கும் அதிகார வேட்கை இருந்தது. அவன் குற்றத்தைக் குற்றத்திற்காக விரும்பவில்லை. இத்திருட்டிலோ அத்தகைய நோக்கம் எதுவும் தென்படவில்லை. தகாததைச் செய்கின்றோம் என்னும் உணர்ச்சியே அதில் இன்பமாயிருந்தது. தடைகளை மீறித் தன் விருப்பத்திற்குத் தானே அரசன் என நினைக்கும் ஆசை அங்கு ஒளிந்திருந்தது.

மேலும் ஆராய்ந்தபொழுது இன்னோர் உண்மை புலனாயிற்று. தனியே இருந்திருப்பின் அத்திருட்டைச் செய்திருக்க மாட்டார். கூட்டத்தின் சிரிப்பும், பின்வாங்குவதற்கு வெட்கப்படும் மனமுமே அவரை இழுத்துச் சென்றன. இவ்விடத்தில் அவர் செய்ததையும் செய்யாததையும் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். கூட்டுறவைத் தம் செயலுக்கு ஒரு காரணமாகக் கண்டார். அதனை ஒரு சாக்காகக் கொள்ளவில்லை. நண்பர்களின் பெயர்களை எழுதவில்லை. அவர்கள்மீது பழியைச் சுமத்தவுமில்லை. ஒரு செயல் எவ்வாறு நிகழ்ந்தது என விளக்குதல் வேறு. அதனைச் செய்தவன் நான் அல்லேன் என விலகுதல் வேறு. இவ்வேறுபாட்டைக் கண்டறிவதற்கு அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

அகுஸ்தீனார் 354ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் 13ஆந் திகதி பிறந்தார். தந்தை பத்திரீசியு நடுத்தர வருவாயுடையவர். வாழ்நாளின் இறுதிக் காலத்திலேயே கிறிஸ்தவரானவர். தாய் மோனிக்கம்மாளோ இளமை முதற் பத்தி மிக்கவர். பணமுடையால் மகனின் படிப்பு ஓராண்டு தடைப்பட்டது. பேரிக்காய்த் திருட்டு நிகழ்ந்தது அந்த ஓராண்டிலேயே. பின்னர் ஊர்ச் செல்வர் ஒருவரின் உதவியும் கிடைக்க, கார்த்தேஜ் நகரில் உயர்கல்வி கற்றார். அங்கே ஒரு பெண்ணுடன் கூடி வாழ்ந்து, அதேயோதாத்து என்னும் மகனுக்குத் தந்தையுமானார்.

அவருக்கு 19 வயதானபொழுது சிசரோ எழுதிய 'ஓர்த்தென்சியு' என்னும் நூல் கைக்கெட்டியது. மெய்யறிவைத் தேடும்படி தூண்டிய அந்நூல் இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. சில துணுக்குகளே எஞ்சியுள்ளன. பேச்சுத்திறன் பெறுதற்கென்று அதனைப் படிக்கத் தொடங்கியவர், படித்து முடித்தபொழுது உண்மையின்மேற் காதல் கொண்டவராயினார். அவ்வார்வத்துடனேயே வேதாகமத்தைத் திறந்து பார்த்தார். சிசரோவின் வீறுமிக்க நடைக்குப் பழகிய செவிக்கு அதன் எளிய நடை தாழ்வாகத் தோன்றவே, அதனை மூடிவைத்தார். உண்மை அழகிய சொற்களிலேயே உறையும் என எண்ணியது அவர் இளமையிற் செய்த பெரும் பிழைகளுள் ஒன்று.

அந்நிலையிலேதான் மானியரின் சமயம் அவரைக் கவர்ந்தது. 3ஆம் நூற்றாண்டிற் பாரசீகப் பேரரசில் வாழ்ந்த மானி என்பவர் நிறுவிய சமயம் அது. மேற்கே ஆபிரிக்கா வரையிலும் கிழக்கே சீனம் வரையிலும் அது பரவியது. ஒளி, இருள் என இரண்டு தத்துவங்கள் தொடக்கமுதல் உள்ளன. அவை தம்முட் போரிடுகின்றன. உலகமும் மனிதனும் அப்போரிற் கலந்த கலவையே என்பது அதன் போதனை. நல்ல கடவுளின் உலகில் தீமை எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்கு அது எளிய விடையொன்றை அளித்தது. ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அகுஸ்தீனார் அச்சமயத்தின் 'கேட்போர்' என்னும் வகுப்பில் இருந்தார்.

அச்சமயம் அவருக்கு அளித்த ஆறுதல் யாது? தீவினை செய்வது தாமன்று, தம்முள்ளே குடியிருக்கும் இருளின் இயல்பே அதனைச் செய்கின்றது என்பதே அது. இவ்வெண்ணம் தம் செருக்குக்கு இனிதாயிருந்ததெனப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். குற்றம் உண்டு, குற்றவாளி இல்லை. நோய் உண்டு; நோயாளி நான் அல்லேன். இதனினும் இனிய தாலாட்டு மனச்சாட்சிக்கு வேறு எது?

மானியரின் சமயம் அழிந்துபோயிற்று, அத்தாலாட்டு அழியவில்லை. கிரகத்தின்மேற் பழியைப் போடுவோர் உளர். பிறந்த குலத்தையும், வளர்த்த பெற்றோரையும், காலத்தையும், அரசாங்கத்தையும் காரணங் காட்டுவோர் உளர். குருதியில் ஊறிய பரம்பரைக் குணம் என்று அறிவியலின் பெயராற் கூறுவோரும் உளர். இக்காரணங்கள் யாவும் பொய்யல்ல. பசியாற் களவெடுத்த சிறுவனையும் பேராசையாற் கையாடிய அதிகாரியையும் ஒரே தராசில் நிறுப்பவன் நீதியை அறியான். சூழ்நிலை பொறுப்பைக் குறைக்கலாம். சில வேளைகளிற் பெரிதுங் குறைக்கலாம். ஆனால் எல்லாச் செயலுக்கும் சூழ்நிலையே கருத்தா எனக் கூறுமிடத்து, செயலுடன் சேர்ந்து செய்தவனும் மறைந்துபோகின்றான். பழிக்கப்பட முடியாதவன் புகழப்படவும் முடியாது; அவன் மனம் வருந்தித் திருந்தவும் முடியாது. பொறுப்பை நீக்குவது இரக்கம் போலத் தோன்றினும், அது மனிதனைப் பொருளின் நிலைக்கு இறக்கிவிடுகின்றது. கிறிஸ்தவ சமயம் பாவத்தைப் பற்றிப் பேசுவது மனிதனை இழிவுபடுத்துவதற்கென்று பலர் எண்ணுவர். உண்மையில், பாவி எனப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டும். மரமும் மிருகமும் பாவஞ் செய்வதில்லை.

அகுஸ்தீனார் மானியரை விட்டு விலகிய வரலாறு, உண்மையைத் தேடுவோர் அறிந்திருத்தற்குரியது. அவர் வானசாஸ்திர நூல்களைக் கற்றவர். சூரிய சந்திர கிரகணங்களைத் தத்துவ அறிஞர் நாளும் நாழிகையும் தவறாது கணித்ததையும், மானியின் நூல்கள் வானத்தைப் பற்றிக் கூறியவை அக்கணிதத்தோடு பொருந்தாதிருந்ததையும் கண்டு ஐயுற்றார். பவுஸ்து என்னும் பெரிய ஆசிரியர் வந்தால் எல்லாம் தெளிவாகும் என அச்சமயத்தார் கூறினர். 383ஆம் ஆண்டளவிற் பவுஸ்து வந்தார். பேச்சு இனிமையாயிருந்தது, விடை இல்லை. ஆயினும் ஒரு சிறப்பு அவரிடம் இருந்தது. தமக்குத் தெரியாததைத் தெரியாதென்று வெட்கமின்றி ஒப்புக்கொண்டார். அந்நேர்மையை அகுஸ்தீனார் மதித்தார். அவரது போதனையை விட்டுவிட்டார். ஒருவரை மதிக்கவும், அவர் கூற்றை மறுக்கவும் ஒருங்கே இயலும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

பின்னர் உரோமாபுரிக்கும், 384இல் மிலான் நகருக்கும் சென்று சொற்கலைப் பேராசிரியராய்ப் பதவி பெற்றார். பேரரசரைப் புகழ்ந்து சொற்பொழிவாற்றுதல் அப்பதவிக்குரிய கடமைகளுள் ஒன்று. தாம் சொல்லவிருப்பவை பொய் என்பதும், அவை பொய்யென அறிந்தே கேட்போர் கைதட்டுவர் என்பதும் அவருக்குத் தெரியும். அத்தகைய உரையொன்றை ஆயத்தஞ் செய்துகொண்டு வீதியிற் சென்றபொழுது, குடித்து மகிழ்ந்து சிரித்துக்கொண்டிருந்த பிச்சைக்காரன் ஒருவனைக் கண்டார். சில காசுகளைக் கொண்டு அவன் பெற்ற மகிழ்ச்சியைத் தாம் இத்தனை கல்வியையும் பொய்யையும் கொண்டு தேடியும் பெறவில்லை என உணர்ந்தார். அவனது மயக்கம் இரவோடு தீர்ந்துவிடும். புகழின் மயக்கமோ விடிந்தபின்னும் தீர்வதில்லை.

மிலானில் மேற்றிராணியார் அம்புரோசியாரின் பிரசங்கங்களை, முதலில் அவற்றின் சொல்லழகுக்காகவே கேட்டார். நாளடைவிற் பொருளும் உட்புகுந்தது. வேதாகமத்தின் கதைகள் ஆழ்ந்த பொருளுடையவை எனக் கண்டார். பிளேட்டோவின் வழிவந்தோர் எழுதிய நூல்களின் இலத்தீன் மொழிபெயர்ப்பும் அக்காலத்திற் கிடைத்தது. அவற்றின் துணையால் தீமை பற்றிய பழைய வினாவுக்குப் புதிய விடையொன்றைக் கண்டார். தீமை என்பது தனியே உள்ள ஒரு பொருளன்று. இருக்கவேண்டிய நன்மை இல்லாமையே அது. கண்ணிற் பார்வை இல்லாமை குருடு. உடம்பில் நலம் குன்றுதல் நோய். அவ்வாறே, உயர்ந்ததை நாடவேண்டிய உள்ளம் தாழ்ந்ததை நோக்கித் திரும்புதலே பாவம். இவ்விடையின் விளைவு பெரிது. இருள் என்றொரு பொருள் இல்லையெனின், பழியைச் சுமத்துதற்கு இனி எவருமில்லை. திரும்பியது என் உள்ளமே என்று சொல்லவேண்டியதாயிற்று.

உண்மையை அறிந்தபின் வாழ்வு உடனே மாறியதா? இல்லை. மனித இயல்பைப் பற்றி அகுஸ்தீனார் கண்ட ஆழமான உண்மை இவ்விடத்திலேயே இருக்கின்றது. கையை அசையென்று மனம் கட்டளையிட, கை அசைகின்றது. மனம் தனக்குத் தானே கட்டளையிடும்பொழுதோ அது கீழ்ப்படிவதில்லை. தூய வாழ்வை விரும்பினார். அதனைச் சிறிது காலந் தாழ்த்திப் பெறவும் விரும்பினார். விரும்பும் மனமும் விரும்பாத மனமும் ஒருவருடையனவாகவே இருந்தன. மானியராயின் இவை இரண்டு இயல்புகள் என்பர். அகுஸ்தீனாரோ இரண்டும் தாமே என்றார். அரைகுறையாக விரும்பும் ஒரே மனத்தின் பிளவு இஃது என்றார்.

அவர் நண்பர் அலிப்பியு என்பவருக்கு நேர்ந்ததும் இதனையே காட்டும். வாள்வீரர் ஒருவரையொருவர் கொல்லும் கேளிக்கையை அவர் வெறுத்தவர். உரோமாபுரியில் நண்பர்கள் அவரை வலிந்து அரங்கிற்கு இழுத்துச் சென்றனர். கண்களை மூடியிருப்பேன் என்ற உறுதியுடன் அமர்ந்தார். திடீரெனக் கூட்டம் ஆரவாரித்தது. என்னவென்று பார்ப்போம், பார்த்தாலும் அசையேன் என்னும் துணிவுடன் கண்ணைத் திறந்தார். குருதியைக் கண்டதும் அவரும் கூட்டத்தில் ஒருவரானார். பின்னர்ப் பிறரையும் அழைத்துச் செல்பவரானார். அவரை வீழ்த்தியது வாளுமன்று, நண்பருமன்று. தம் வலிமையில் அவர் வைத்த அளவிறந்த நம்பிக்கையே.

386ஆம் ஆண்டு ஆவணியில், மிலான் வீட்டுத் தோட்டத்தில் அகுஸ்தீனாரின் போராட்டம் முடிவுற்றது. அயலிலிருந்து ஒரு சிறு பிள்ளையின் பாட்டொலி, நூலை எடுத்து வாசிக்கும்படி ஏவுவதுபோற் கேட்டது. பவுல் அடியார் உரோமருக்கு எழுதிய நிருபத்தைத் திறந்து, கண்ணிற் பட்ட பகுதியை வாசித்தார், தயக்கம் நீங்கியது. 387ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய இரவில் மகனுடனும் அலிப்பியுவுடனும் அம்புரோசியாரிடம் ஞானஸ்நானம் பெற்றார். அவ்வாண்டிலேயே, மகனின் மனமாற்றத்தைக் கண்ட மோனிக்கம்மாள் ஒஸ்தியாத் துறைமுகத்தில் இறந்தார்.

இவ்வரலாற்றில் ஒருவருக்கு நேர்ந்த இழப்பை மறைத்தலாகாது. அகுஸ்தீனாருடன் பல்லாண்டு வாழ்ந்து மகனைப் பெற்றெடுத்த பெண், உயர்குடித் திருமணமொன்று பேசப்பட்டமையால் ஆபிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அப்பிரிவால் தம் நெஞ்சு புண்பட்டதென அகுஸ்தீனார் எழுதினார். ஆனால் அவர் பெயரை அந்நூலில் எங்கும் எழுதவில்லை. பேரிக்காய்க்குக் கிடைத்த நீண்ட விசாரணை அப்பெண்ணின் துயருக்குக் கிடைக்கவில்லை. தன்னைத் தானே ஆராய்வோனின் கண்ணுக்கும் தெரியாத மூலைகள் உண்டு. பிறருக்கு இழைத்த தீங்கு பெரும்பாலும் அம்மூலைகளிலேயே கிடக்கின்றது.

மனிதனுக்குத் தன்விருப்பம் உண்டு என்பதை மானியருக்கு எதிராக நிறுவிய அகுஸ்தீனார், முதுமையில் மற்றொரு பக்கம் திரும்பிப் போராடவேண்டியவரானார். பிரித்தானியாவிலிருந்து வந்த பெலாகியு என்னும் துறவி, மனிதன் தன் விருப்பத்தாலேயே கட்டளைகளை நிறைவேற்ற வல்லவன் என்று போதித்தார். சோம்பிக் கிடந்த கிறிஸ்தவரை எழுப்புதல் அவர் நோக்கம், அந்நோக்கம் நன்று. ஆயினும் தோட்டத்திலே தம் மனத்தைத் தாமே திருப்ப இயலாது அழுத ஒருவருக்கு அப்போதனை முழு உண்மையாகத் தோன்றவில்லை. பொறுப்பு மனிதனுடையது, அதனை நிறைவேற்றும் ஆற்றல் தேவ அருளின்றி முற்றுப்பெறாது என்றார். 418ஆம் ஆண்டு கார்த்தேஜிற் கூடிய சங்கம் பெலாகியுவின் கொள்கையைக் கண்டித்தது. அருளைப் பற்றி அகுஸ்தீனார் பின்னர்க் கூறிய முடிவுகள் சிலவற்றைக் கீழைத் திருச்சபைகள் அவ்வாறே ஏற்கவில்லை. ஆயினும் 'குற்றம் என்னுடையதன்று' என்பதும், 'வெற்றி என்னுடையதே' என்பதும் ஒரே செருக்கின் இரு முகங்கள் என அவர் உணர்த்தியது மறுத்தற்கரியது.

அவர் நூலின் பெயரே இதனைக் கூறும். 'கன்பெசியோ' என்னும் இலத்தீன் சொல்லுக்குக் குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் என்றும், இறைவனைப் புகழ்தல் என்றும் இரு பொருளுண்டு. தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் 'பாவசங்கீர்த்தனம்' என்னும் சொல்லிலும் எடுத்துரைத்தலும் போற்றுதலும் ஆகிய இரு பொருளும் பொதிந்துள்ளன. தன் குற்றத்தை உள்ளவாறு கூறுபவன் உண்மையைப் போற்றுகின்றான் என்க.

உண்மையைப் பற்றி அகுஸ்தீனார் மிகக் கண்டிப்பானவர். பொய்யைப் பற்றி இரு நூல்கள் எழுதி, எந்நிலையிலும் பொய் கூறலாகாது என்றார். பிறருக்குக் குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யையும் வள்ளுவர் ஏற்றுக்கொள்வதை அறிந்த தமிழருக்கு இது கடுமையாகத் தோன்றலாம். எனினும் பொய்யை விற்றுப் பிழைத்த ஒருவர், பேரரசரின் முன்னிலையிற் கைதட்டல் பெற்ற ஒருவர், தமக்கே விதித்துக்கொண்ட சட்டம் அஃது என்பதை மறத்தலாகாது.

அவரும் பிழைக்கு அப்பாற்பட்டவரல்லர். சமயப் பிரிவினரை வாதத்தினாலேயே வெல்லவேண்டும் என முதலிற் கூறியவர், தொனாத்தியர் என்னும் பிரிவினர் வகையில் அரசின் வற்புறுத்தலைப் பின்னர் ஏற்றுக்கொண்டார். உண்மையைத் தேடி அலைந்த ஒருவர், தேடும் உரிமையைப் பிறருக்கு மறுக்க உடன்பட்டது வருந்தத்தக்கது. பிற்காலத்திற் பலர் தம் கொடுமைக்கு அவர் சொல்லைத் துணைக்கொண்டனர். ஆயினும் 426, 427ஆம் ஆண்டுகளில், 70 வயதைக் கடந்தபின், தாம் எழுதிய நூல்களையெல்லாம் வரிசைப்படி எடுத்து, இன்ன இடத்திற் தவறினேன் எனத் திருத்தங்கள் எழுதினார். புகழின் உச்சியில் நின்று தம் பிழைகளுக்குத் தாமே அட்டவணை எழுதியோர் உலகில் மிகச் சிலரே.

430ஆம் ஆண்டு ஆவணி 28ஆந் திகதி, வந்தாலர் படை ஹிப்போ நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில், அகுஸ்தீனார் இறந்தார். மதிலுக்கு வெளியே ஒரு பேரரசு சிதைந்துகொண்டிருந்தது. அவர் காட்டிய வழியோ, ஒரு சிறுவன் தனக்குத் தேவையில்லாத காய்களைப் பறித்த மரத்தடியிலிருந்து தொடங்குகின்றது. ஒவ்வொரு மனிதன் வாழ்விலும் அத்தகைய மரம் ஒன்று உண்டு. அதனடியிற் சென்று நின்று, 'இதனைச் செய்தவன் நானே' என்று சொல்லத் துணிபவனுக்கே உண்மையின் வாயில் திறக்கின்றது.